துணிப் புத்தகத்தின் கடைசிப் பக்கம்

கூச்சம் இல்லாதவர்களிடம் அவமானம் வந்தாலும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்த வழியே போய்விடும். என்னைப் போன்ற கூச்சக்காரரிடம்தான் அது சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, உள்ளே வந்து வசதியாகக் குந்தும்.

லண்டனுக்கு வந்த புதிதில் பஸ்ஸை நிறுத்த மணி அடிக்கவே எனக்கு வெட்கம். வேறு யாராவது மணி அடிக்கிற இடத்தில் இறங்கி, எங்கள் வீடு இருந்த நோர்பரி வரைக்கும் நடந்து வருவேன். (நடப்பது உடம்புக்கு நல்லது என்று இவருக்குச் சொல்லி வைத்திருந்தேன்.)

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் ஒரே மகள் தர்சியை நர்சரியில் விட்டிருந்தோம். ஒருநாள் அவளைக் கூட்டிவரப் போன இவரை மிஸ் தனியாகக் கூப்பிட்டுக் கதைத்தாவாம். வீட்டுக்கு வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார்.

"என்னப்பா, என்னவாம்?"

"பிள்ளை கையால ஒண்டும் செய்யிறாள் இல்லையாம். கோட்டுத் தெறியை ஓட்டைக்குள்ள பூட்டமாட்டாளாம், சப்பாத்துப் போடமாட்டாளாம். மற்றப் பிள்ளையள் விளையாட ஓட, இவள் ரெண்டு கையையும் விரிச்சுக்கொண்டு சிலை மாதிரி நிக்கிறாளாம். கையில ஏதும் குறை இருக்கோ எண்டு டொக்டரிட்டக் காட்டப் போகினமாம்."

அவள் ஏன் கையை விரித்துக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்கல்லவா தெரியும்! கையை விரித்தால் நான் சட்டை போட்டுவிடுவேன். காலை நீட்டினால் சப்பாத்து மாட்டுவேன். வாயைத் திறந்தால் சோற்றைக் குழைத்து வைப்பேன். அந்த நாட்டுக்கு ஏற்கெனவே ஒரு மகாராணி இருந்தா. நான் நோர்பரியில் இன்னொருத்தியை வளர்த்துக்கொண்டிருந்தேன்.

"கொஞ்ச நாள் பொறுங்கோ எண்டு கேட்டனான்" என்றார் இவர். "அங்க துணியில ஒரு புத்தகம் வைச்சிருக்கினம். பொத்தான், சிப், லேஸ் எல்லாம் தைச்சது. அப்படி ஒண்டை வாங்கிக் குடுத்துப் பழக்கட்டாம். மாதக் கடைசியில எங்களையும் கூப்பிட்டு வைச்சுப் பாப்பினமாம். அப்பவும் செய்யாட்டி டொக்டர்தான்."

"ஏன் வாங்கோணும்? நான் தைக்கிறன்" என்றேன்.

இவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இப்படி ஒரு குரல் எனக்கு இருப்பது அவருக்கு அன்றுதான் தெரிந்திருக்க வேண்டும்.

பழைய கேர்ட்டினை வெட்டிப் பக்கங்கள் செய்தேன். முதல் பக்கத்தில் ஒரு வீடு, பொத்தான் வைத்த கதவு. அடுத்ததில் ஒரு மீன். அதன் வாய்க்கு இவருடைய கிழிந்த களிசானின் சிப். (திறந்தால் உள்ளே ஒரு மீன்குஞ்சு இருக்கும். இவர் அதைப் பார்த்துவிட்டு மற்றக் களிசான்களை எண்ணிப் பார்த்தார்.) அதற்கடுத்து லேஸ் கட்டுகிற ஒரு சப்பாத்து.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் சொந்தமாகப் புத்தகம் போட்டால் தலை கொஞ்சம் கனக்காதா? கடைசிப் பக்கத்தில் ஒரு அம்மாவை வைத்தேன். கம்பளி நூலில் பின்னல், நெற்றியில் சிவப்புப் பொட்டு, நைலெக்ஸ் துண்டில் சீலை. வெறும் சீலை இல்லை, முன்மடிப்பு மடித்து இடுப்பு இலாஸ்டிக்கில் செருகிய நிசச் சீலை. இழுத்தால் முழுவதும் கழன்று வரும். மறுபடி மடித்துச் செருகலாம்.

தர்சி வீட்டையும் மீனையும் திரும்பியும் பார்க்கவில்லை. அந்த அம்மாவோடுதான் பொழுதெல்லாம். ஒரே இழுவை, ஒரு சிரிப்பு, பிறகு நிலத்தில் குந்தி நாக்கைக் கடித்துக்கொண்டு விரல் விரலாக மடிப்பு. நான் முதல்முறையாக என் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு கஷ்டமான வேலை தெரியுமா!

நர்சரிக்குப் போகிற நாளும் வந்தது. வெளிக்கிடுகிற நேரம் பார்த்தால், இழுத்த இழுவையில் கடைசிப் பக்கம் புத்தகத்தை விட்டுக் கழன்று தொங்குகிறது. "பஸ் வருது, கெதியா வாரும்!" என்று இவர் கீழே நின்று கத்துகிறார். என் இடுப்பில் சீலை மடிப்புக்குக் குத்தியிருந்த பின்னை எடுத்துப் புத்தகத்தில் குத்தினேன். சீலைக்கு மேலேதான் கோட் இருக்கிறதே!

நர்சரிக்குள் நல்ல சூடு. மிஸ் சிரித்துக்கொண்டே வந்து என் கோட்டை வாங்கிக் கொழுவிவிட்டா. வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஆங்கிலமும் இல்லை, துணிவும் இல்லை. நர்சரியை நடத்துகிற பெரிய மிஸ்ஸும் வந்திருந்தா. பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மார் குட்டிக் கதிரைகளில் இருந்தார்கள். வெளியே ஏணியில் நின்று ஒருவர் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தார்.

மிஸ் புத்தகத்தைத் தர்சியின் முன்னால் விரித்தா. வீடு. பிள்ளை அசையவில்லை. மீன். அசையவில்லை. சப்பாத்து. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

பெரிய மிஸ் மிஸ்ஸைப் பார்த்தா. எனக்கு டொக்டர் வீட்டுக் கதவே கண்ணுக்குத் தெரிந்தது.

கடைசிப் பக்கம் வந்தது. மிஸ் அந்த மடிப்பைத் தடவி, "கேர்ட்டின்?" என்று கேட்டா.

தர்சி தலையை ஆட்டினாள். இல்லை.

"டேபிள் க்ளோத்?"

பிள்ளைக்கு அந்த மிஸ்ஸின் அறியாமையைப் பொறுக்க முடியவில்லை. விறுவிறு என்று என்னிடம் வந்தாள். "லுக், மிஸ்!" என்றாள். இழுத்தாள்.

நான் உடுத்திருந்த நைலெக்ஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது வழுக்கத் தொடங்கினால் இடையில் நிற்காது. எல்லாம் காலடியில் குவிய, நான் கத்தரிப்பூ நிறப் பாவாடையோடு நின்றேன். இவர் முகட்டைப் பார்த்தார். ஜன்னல் துடைத்தவரின் கை கண்ணாடியில் அப்படியே நின்றுவிட்டது.

நான் கத்தவில்லை, குனியவில்லை. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சிலை மாதிரி நின்றேன்.

தர்சி மட்டும் பதறவில்லை. நிலத்தில் இருந்து சீலையை அள்ளினாள், நாக்கைக் கடித்தாள், ஒவ்வொரு மடிப்பாக வைத்தாள், விரலால் நீவினாள், எட்டி என் இடுப்பில் செருகினாள். சீலை ஒரு பக்கம் முழங்காலுக்கு ஏறியும் மறுபக்கம் நிலத்தில் இழுபட்டும் இருந்தது. ஆனால் நின்றது! மிஸ் முழந்தாளிட்டு அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு எழும்பி இவரிடம் ஏதோ சொன்னா.

"என்னவாம்?" என்று வாய்க்குள் கேட்டேன்.

"கையில ஒரு குறையுமில்லையாம். டொக்டர் தேவையில்லையாம்."

"அவ நிறையச் சொன்னவ. மிச்சம்?"

"வீட்டில ஆர் பிள்ளைக்கு உடுப்புப் போடுறது எண்டு கேட்டவ."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"உம்மைக் காட்டினனான்."

அடுத்த நாளிலிருந்து தர்சி தன் கோட்டுத் தெறியைத் தானே பூட்டினாள். (ஒன்று மாறித்தான் பூட்டினாள். நான் என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.)

இப்போது அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. எங்கள் வீட்டில் யாராவது ஒரு கதையை நம்பாவிட்டால், "அம்மாவில செய்து காட்டட்டோ?" என்று கேட்பது அன்றைக்குத் தொடங்கிய வழக்கம். மருமகன் வந்த புதிதில் ஒருநாள், தர்சி சொன்ன ஏதோ ஒன்றை இவர் நம்பாமல் சிரித்தார்.

"அப்பா, அம்மாவில செய்து காட்டட்டோ?" என்றாள்.

மருமகன் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணித் தட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் இடுப்பைப் பொத்தியபடி குசினிக்குள் போய்விட்டேன்.