கேழ்வரகு உருண்டையும் அறுபது கிலோவும்

போன ஞாயிறு எனக்கு இருந்தது ஒரே வேலை. தூக்குவாளி நிறையக் கேழ்வரகு உருண்டையை எடுத்துக்கொண்டு, எங்கள் ஊர்க் கபடிப் பையன்களோடு காரிமங்கலம் பக்கம் நடந்த போட்டிக்குப் போக வேண்டும். அவ்வளவுதான்.

இந்த வேலை எனக்கு வந்த கதையே ஒரு கூத்து. இரண்டு மாதத்துக்கு முன்னால் டீம் மேனேஜர் மணி வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தார்: "பசங்க பிராக்டீஸ் முடிஞ்சதும் பஜ்ஜி, பரோட்டான்னு திங்கறாங்க. வூட்டுல சத்தா ஏதாச்சும் யார் செஞ்சு குடுப்பீங்க?"

படித்துவிட்டேன் என்று காட்ட ஒரு கட்டைவிரலைப் போட்டேன்.

ஐந்தே நிமிடம். குழுவே எனக்குக் கும்பிடு போட்டிருந்தது!

"நான் செய்வதாகச் சொல்லவில்லை" என்று எழுதக் கூச்சம். மறுநாள் காலையில் கேழ்வரகை வறுக்க ஆரம்பித்துவிட்டேன்.

செய்தால் சரியாகச் செய்ய வேண்டும், அது என் வியாதி. கேழ்வரகு மாவு, வேர்க்கடலை, எள், வெல்லம். ஒவ்வொரு உருண்டையையும் தராசில் வைப்பேன். நாற்பது கிராமுக்கு மேல் போனால் கிள்ளி எடுப்பேன்.

"தங்கமா விக்கறீங்க?" என்பாள் என் மனைவி சரோஜா.

தினம் ஆளுக்கு இரண்டு. ஆனால் எங்கள் ரெய்டர் கோகுலுக்கு இரண்டு போதாது. சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிடுவான். "பெரியப்பா, கடையில கூட இப்படிக் கிடைக்காது" என்பான். என்னை அதுவரை யாரும் எதற்கும் புகழ்ந்ததில்லை. நாலு கொடுப்பேன். "டப்பால போட்டுக் குடுங்க பெரியப்பா" என்பான். போட்டும் கொடுப்பேன்.

"ஏங்க, அவனுக்குச் சட்டை இறுக்கிப் பிடிக்குது பாருங்க" என்றாள் சரோஜா.

"பஜ்ஜி தின்னாத்தான் உடம்பு போடும். இது சத்து!" என்றேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் இதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

போன ஞாயிறு நடந்தது அறுபது கிலோப் பிரிவுப் போட்டி. அதற்கு மேல் எடை இருந்தால் ஆட விடமாட்டார்கள். பையன்கள் வரிசையாக மெஷினில் ஏறி இறங்கினார்கள். கோகுல் ஏறினான்.

அறுபது கிலோ எழுநூறு!

"மெஷின் ரிப்பேருங்களா சார்?" என்றான்.

"மெஷின் நல்லாத்தான் இருக்குது. நீ அதைவிட நல்லா இருக்கற" என்றார் நடுவர்.

மணி என்னைப் பார்த்தார். பிறகு தூக்குவாளியைப் பார்த்தார்.

"ஏனுங்க, நீங்க சர்க்கரை ஆலை எடைமேடையில தானே வேலை பாத்தீங்க? லோடு லோடாக் கரும்பை எடை போட்டீங்க. இவனை ஒருக்கா ஏத்திப் பாக்கணும்னு தோணலீங்களா?"

உருண்டையைத்தான் எடை போட்டேன். தின்றவனைப் போடவில்லை.

"பதினோரு மணிக்குள்ள குறைச்சுட்டு வாங்க" என்றார் நடுவர். கோகுல் இல்லாவிட்டால் எங்களுக்கு ரெய்டு போக ஆளே கிடையாது. வந்த பஸ்ஸிலேயே திரும்ப வேண்டியதுதான்.

பனிக்காக நான் போட்டிருந்த ஸ்வெட்டர், மஃப்ளர், குல்லா எல்லாம் கோகுல் மேல் ஏறின. ஓடி வேர்த்தால் எடை இறங்குமாம்.

"பின்னாடியே ஓடுங்க. அவன் தண்ணி குடிக்காமப் பாத்துக்கங்க" என்று என்னையும் விரட்டினார் மணி.

கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்காரக்கூடக் கூசுகிறவன் நான். அத்தனை கூட்டத்தின் முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன்!

அது போதாதென்று மைக் வேறு. "மைதானத்தைச் சுத்தி ஓடற பெரியவர் கவனத்துக்கு. இது அறுபது கிலோப் போட்டிங்க. அறுபது வயசுப் போட்டி இல்லீங்க!"

"பெரியப்பா, ஒரு வாய் தண்ணி..."

"எனக்கே இல்லடா. ஓடு!"

ஸ்வெட்டரையெல்லாம் கழற்றிவிட்டு மறுபடி மெஷின். அறுபது கிலோ நூறு.

"அந்த அரைஞாண் கொடியைக் கழட்டு" என்றார் மணி. நல்ல தடிமனான வெள்ளிக் கொடி.

"எங்கம்மா வேண்டுதலுங்கண்ணா. கழட்டினா வூட்டுக்குள்ள விடாது."

"கழட்டலைன்னா நாங்க ஊருக்குள்ளயே விடமாட்டோம்."

கழற்றினான். சரியாக அறுபது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் அவசரப்பட்டுத் தட்டினேன்.

ஆட்டம் தொடங்கியது. கோகுல் முதல் ரெய்டுக்குப் போனான். காலில் உயிர் இல்லை. "கபடி" என்று சொல்ல மூச்சும் இல்லை. எதிரணிப் பையன் அவனைப் பிடித்தான் என்று சொல்வது பாவம். விழாமல் தாங்கினான். அதுவே அவுட்!

பாதி ஆட்டத்திலேயே முடிவு தெரிந்துவிட்டது. தோற்று வந்து மரத்தடியில் உட்கார்ந்தோம். யாரும் தூக்குவாளிப் பக்கம் திரும்பவில்லை. கோகுல்கூட.

ஜெயித்த டீமின் மேனேஜர் எங்களைத் தேடி வந்தார். பாலக்கோட்டுக்காரர்.

"உருண்டை செஞ்ச பெரியவர் நீங்கதானுங்களா?"

தலையை மட்டும் ஆட்டினேன். அவர் குனிந்து ஒன்றை எடுத்து, நிதானமாக மென்று தின்றார்.

"அருமைங்க! இவங்களுக்கு நிறுத்திடாதீங்க."