நான் நக்கிய ஃபாசில்

ஜியாலஜி படித்தவர்கள் அத்தனை பேரும் வாழ்க்கையில் ஒரு தடவையாவது கல்லை நக்கியிருப்பார்கள். வெளியில் சொல்லிக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான். கையில் இருப்பது வெறும் கல்லா, கல்லாகிப் போன எலும்பா, அதாவது ஃபாசிலா, என்று சந்தேகம் வந்தால் நாக்கு நுனியை வைத்துப் பார்ப்பது எங்கள் ஆட்களின் பழக்கம். எலும்பு என்றால் நாக்கில் லேசாக ஒட்டும். கல் என்றால் ஒட்டாது. நானும் அப்படி ஒரு நாள் நக்கினேன். நான் நக்கியது இரண்டுமே இல்லை.

அப்போது நான் சிதம்பரத்தில் எம்.எஸ்ஸி. கடைசி வருஷம். இரண்டாயிரத்து எட்டு. வீடு கடலூரில். ப்ராஜெக்ட்டுக்கு ஆளுக்கொரு தலைப்பு எடுக்க வேண்டும். கூடப் படித்தவர்கள் எல்லாம் பத்திரமான தலைப்பாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். நான் மட்டும் கல்மரம் என்றேன். லட்சக்கணக்கான வருஷங்களுக்கு முன் மண்ணில் புதைந்த மரம், பட்டை, ரேகை எல்லாம் அப்படியே இருக்க, கல்லாக மாறிக் கிடக்கும். பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண்ணில் அது கிடைக்கும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. புத்தகம் எழுதியவருக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை. பொங்கலுக்குத் தேட ஆரம்பித்தவள் ஈஸ்டர் முடிந்த பிறகும் வெறும் கையோடுதான் இருந்தேன்.

எங்கள் கைடு கோபமே படாத மனிதர். பயமே அதுதான்.

"வர்ற வாரத்துக்குள்ள ஏதாவது கொண்டாந்து காட்டும்மா," என்றார் சாந்தமாக. "இல்லன்னா நிலத்தடி நீருக்கு மாத்திடலாம். கெணறுன்னா எங்கயும் ஓடிப் போவாது பாரு."

நிலத்தடி நீர் என்றால் பை நிறைய பிளாஸ்டிக் பாட்டிலோடு ஊர் ஊராகப் போய் எண்பது கிணற்றில் தண்ணீர் பிடிக்க வேண்டும். போகிற ஊரில் எல்லாம் 'எங்க தெருவுல ஏன் தண்ணி வரல' என்று நம்மைப் பிடித்துக்கொள்வார்கள். நான் உலகத்தையே புரட்டிப் போடப்போகும் விஞ்ஞானி. பாட்டில் தூக்கப் பிறந்தவளா?

அந்த நேரத்தில் கைகொடுத்தவர் சேவியர் மாமா, அம்மாவின் தம்பி. அண்ணாகிராமம் பக்கம் முந்திரித் தோப்பு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். "எங்க தோப்புல கல்லு ரொம்ப ஜாஸ்தி ஜெசி. எங்க குத்துனாலும் மம்பட்டி டங்குன்னுது. வந்து வேணுங்கறத பொறுக்கிக்கோ," என்றார். சனிக்கிழமை காலையில் அவருடைய டி.வி.எஸ். 50-இல் பின்னால் உட்கார்ந்து கிளம்பினேன். தோளில் பை, பைக்குள் சுத்தியல், பிரஷ், லென்ஸ். கழுத்தில் கடுகு மஞ்சளில் கண்ணாடி பதித்த துப்பட்டா. ஈஸ்டருக்கு அம்மா ஆசையாக எடுத்துக் கொடுத்தது. கல் பொறுக்க எதற்குக் கண்ணாடித் துப்பட்டா என்று கேட்காதீர்கள். துப்பட்டா இல்லாமல் அம்மா வாசலைத் தாண்ட விடமாட்டார், கைக்கு அகப்பட்டது அதுதான்.

முந்திரித் தோப்புக்குள் போனவர்களுக்குத் தெரியும். எல்லா மரமும் ஒரே மரம். கிளைகள் தரை வரைக்கும் கவிந்து கிடக்கும். குனிந்து குனிந்து போய் நிமிர்ந்தால் கிளம்பிய இடத்திலேயே நிற்பது போல இருக்கும். மாமா மோட்டார் கொட்டகைப் பக்கம் நின்றுகொண்டார். நான் கல்லைப் பார்த்துக்கொண்டே போய், நிமிர்ந்தபோது கிழக்கு எது மேற்கு எது என்று தெரியவில்லை.

அப்போதுதான் மாமாவின் குரல் கேட்டது.

"ஏ... வா! ஏ... வா!"

"வர்றேன் மாமா!" என்று கத்திக்கொண்டு போனேன். குரல் கொஞ்சம் தள்ளிப் போனது. "ஏ... வா!" மறுபடியும் போனேன். மறுபடியும் தள்ளிப் போனது. நல்ல வெயில், தாகம், இந்த வயதில் மாமாவுக்கு என்ன கண்ணாமூச்சி என்று எரிச்சல். "மாமா, வெளையாடாத! ஒரு எடத்துல நில்லு!" என்று அதட்டினேன். ஒரு மரத்தின் பின்னாலிருந்து நீளமான தோகையை இழுத்துக்கொண்டு மயில் ஒன்று வெளியே வந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தது. "ஏ... வா!" என்று ஒரு தடவை முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போனது.

(மயில் அகவும் என்று இரண்டாம் வகுப்பில் எழுதி முழு மார்க் வாங்கியவள் நான். அகவினால் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.)

அந்த அவமானத்தோடு ஒரு மரத்தடியில் உட்காரப் போனபோதுதான் அதைப் பார்த்தேன். வேரோரத்தில் பாதி சருகு மூடி, உருண்டையாக. முதலில் பலாப்பழம் என்றே நினைத்தேன். பக்கத்தில் பலா மரம் எதுவும் இல்லை. சருகை விலக்கினேன். முள் இல்லை, செதில். பழுப்பு நிறத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக, ஓடு வேய்ந்தது போல வரிசையாகச் செதில்கள். பைன் மாதிரியான ஊசியிலை மரங்களின் கூம்புகளைப் படத்தில் பார்த்திருக்கிறேன். உள்ளங்கையில் அடங்கும். இது சின்னப் பலாப்பழம் அளவுக்கு இருக்கிறது. முழுசாக, ஒரு செதில் கூட உடையாமல்!

அறிவியல் முறைப்படி பரிசோதித்தேன். பிரஷ்ஷால் தூசி தட்டினேன். 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். காற்று என்று எடுத்துக்கொண்டேன். (ஓர் இலைகூட அசையவில்லை.) தொட்டால் இதமான சூடு. வெயிலில் கிடக்கும் கல் சுடத்தானே செய்யும். (கிடந்தது நிழலில்.) தூக்கிப் பார்த்தேன், அசைந்து கொடுக்கவில்லை. பாறையோடு சேர்ந்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நக்கினேன். ஒட்டவில்லை. உப்புக் கரித்தது. ஆகா, இந்த இடம் ஒரு காலத்தில் கடலாக இருந்திருக்கிறது! இரண்டு கண்டுபிடிப்பு!

பக்கத்தில் ஒரு கரையான் புற்று. அதன் அடியைப் புதிதாக யாரோ பறித்துப் போட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் எவனோ இங்கே தோண்டியிருக்கிறான்.

ஒரு மேட்டின் மேல் ஏறி நின்றதும் சிக்னல் கிடைத்தது. கைடை அழைத்தேன்.

"சார், கெடச்சிடுச்சு சார்! கல்மரத்துக்கும் மேல சார். முழுக் கூம்பு! செதில் ஒண்ணு விடாம அப்படியே இருக்கு!"

"எவ்ளோ பெருசும்மா?"

"சின்னப் பலாப்பழம் அளவு சார். டெஸ்ட்டும் பண்ணிட்டேன்."

"அவ்ளோ பெருசு எங்கயும் கெடச்சதா நான் கேள்விப்பட்டதே இல்லையே," என்றார். "போட்டோ எடுத்தியா?"

என் போனில் டார்ச் உண்டு, பாம்பு விளையாட்டு உண்டு. கேமரா கிடையாது.

"இல்ல சார். ஆனா பக்கத்துல யாரோ தோண்டியிருக்காங்க."

"ஐயோ! அப்ப உடனே மூடி வை. பெரிய சார் இன்னிக்கு டிபார்ட்மென்ட்டுக்கு வந்திருக்காரு. கூட்டிக்கிட்டு வர்றேன்."

பெரிய சார் என்பவர் எங்கள் கைடுக்கே கைடு. கல்லான இலையும் விதையுமாகப் பார்த்துப் பார்த்தே ரிட்டயர் ஆனவர். அவர் பெயரைச் சொன்னாலே நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். அவர் என் கல்லைப் பார்க்க வருகிறார்! துப்பட்டாவை எடுத்து அதன் மேல் போர்த்தினேன். காற்றில் பறந்துவிடக் கூடாது என்று ஓரங்களைச் செதில் இடுக்குகளில் கவனமாகச் செருகினேன். இந்த ஒரு வேலையை மட்டும் அன்றைக்கு நான் மிகச் சரியாகச் செய்தேன்.

மாமாவைக் கண்டுபிடித்து விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான். "பேப்பர்ல வருமா?"

"கண்டிப்பா வரும் மாமா."

"நம்ம தோப்புன்னு போடுவாங்களா?" என்றவர் வீட்டுக்குப் போய்ச் சவரம் செய்து, பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, எனக்கும் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஜீப் வந்து சேரும்போது வெயில் இறங்கிவிட்டது. பெரிய சார் கைத்தடியை ஊன்றி மெதுவாக இறங்கினார். "எங்கம்மா அந்த அதிசயம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நான் ராணி மாதிரி முன்னால் நடந்தேன். மேட்டைப் பிடித்து, புற்றைப் பிடித்து, மரத்தடிக்குப் போனேன்.

கல் இல்லை. துப்பட்டாவும் இல்லை.

"இந்த மரமா, அந்த மரமா ஜெசி? நல்லாப் பாரு," என்றார் மாமா. அந்த மரத்தடியைப் பார்த்தோம். அதற்கு அடுத்த மரத்தடியையும் பார்த்தோம். நான்கு பேரும் குனிந்து குனிந்து தோப்பையே சுற்றி வந்தோம். பெரிய சாருக்கு முழங்கால் வலி. ஒவ்வொரு கிளைக்கும் குனியும்போது "அம்மா" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"தூக்கவே முடியல சார். பாறையோட ஒட்டிக் கெடந்துச்சு. அதை எப்படி சார் எடுத்துக்கிட்டுப் போனாங்க?"

கைடு என் நெற்றியைப் பார்த்தார். "காலைல ஏதாவது சாப்புட்டியாம்மா? வெயில் ஜாஸ்தி இன்னிக்கு," என்றார். அந்தச் சாந்தமான குரலில் எண்பது கிணறு தெரிந்தது.

அப்போது மாமா என் கையைப் பிடித்தார். "ஜெசி," என்றார் தொண்டைக்குள்ளேயே. "அங்க பாரு. ஒன் துப்பட்டா நடந்து போவுது."

பார்த்தேன். கொஞ்ச தூரத்தில், மரங்களுக்கு நடுவே, சருகு சரசரக்க, கடுகு மஞ்சள் துப்பட்டா தன்பாட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒரு கூன். சாய்ந்த வெயிலில் கண்ணாடியெல்லாம் மினுக் மினுக் என்றது. ஓர் இடத்தில் நின்றது. யோசித்தது. திரும்பி எங்கள் பக்கமே வர ஆரம்பித்தது.

"யேசுவே, மரியே, சூசையே!" என்று மாமா சிலுவை போட்டுக்கொண்டார். கைடு ஐயர் வீட்டுப் பிள்ளை. பக்கத்தில் மாமா போடுவதைப் பார்த்து அவரும் ஏதோ மாதிரி போட்டுக்கொண்டார். நான் எதைப் போடுவது என்று தெரியாமல் சுத்தியலைக் கீழே போட்டேன், என் காலிலேயே.

பெரிய சார் மட்டும் அசையவில்லை. துப்பட்டா பக்கத்தில் வந்ததும் கைத்தடியால் ஓரத்தை லேசாகத் தூக்கினார். கூர்மையான மூக்கு ஒன்று வெளியே வந்து முகர்ந்தது. மறு நொடி எல்லாம் உள்ளே போய், துப்பட்டாவோடு சேர்ந்து உருண்டையாகச் சுருண்டுகொண்டது.

"அழுங்கு," என்றார் பெரிய சார். "எறும்புத்தின்னி. பயந்துட்டா இப்படித்தான் சுருட்டிக்கும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "இதுவும் ரொம்பப் பழைய ஜாதிதாம்மா. ஆனா ஒன் ப்ராஜெக்ட்டுக்கு இது கொஞ்சம் உசுரோட இருக்கு."

கைடு மெதுவாகக் கேட்டார். "டெஸ்ட் பண்ணேன்னியே. என்ன டெஸ்ட்?"

நான் வாயைத் துடைத்துக்கொண்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. கோபமே படாத மனிதர் ஜீப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

துப்பட்டா வேண்டுமே என்று எல்லோரும் தள்ளி உட்கார்ந்து காத்திருந்தோம். அழுங்கு அவசரப்படவில்லை. வெகுநேரம் கழித்து மூக்கை நீட்டி, எங்களை முகர்ந்து, நாங்கள் ஆபத்தான ஆட்கள் இல்லை என்று முடிவு செய்து, புற்றின் பின்னால் இருந்த வளைக்குள் இறங்கியது. துப்பட்டாவும் கூடவே இறங்கியது. கடைசிக் கண்ணாடி வரைக்கும்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. வீட்டில் அம்மா இருந்தார். காலையில் துப்பட்டாவோடு போன பெண், பொழுது போய், மாமாவின் துண்டைப் போர்த்திக்கொண்டு, காலை நொண்டிக்கொண்டு வருகிறாள்.

"துப்பட்டா எங்கடி?"

"எறும்புத்தின்னி எடுத்துட்டுப் போயிடுச்சும்மா."

அம்மா மாமாவைப் பார்த்தார். மாமா என்னைக் காப்பாற்ற முன்னால் வந்தார். "சத்தியமாக்கா. துப்பட்டா தானா நடந்து போச்சு. நானே பாத்தேன்."

"டேய், ஊது," என்றார் அம்மா. மாமா ஊதினார். அதில் ஒன்றும் இல்லை என்றதும் அம்மாவின் குழப்பம் இன்னும் கூடியது. என் போனை வாங்கிக் கைடுக்கே போட்டார். அந்த நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர், "ஆமாங்கம்மா, நடந்துதான் போச்சு. நாங்க எல்லாரும் பாத்தோம். திரும்பி எங்ககிட்டக்கூட வந்துது," என்றார்.

அம்மா போனை வைத்தார். "அவருமா?" என்று கேட்டுவிட்டு, எங்கள் இரண்டு பேருக்கும் மோர் கரைத்துக் கொடுத்தார். வெயில் தலைக்கேறிவிட்டது என்ற முடிவுக்கு வந்திருந்தார். இன்றைக்கும் அந்த முடிவில்தான் இருக்கிறார்.

அடுத்த வாரம் தலைப்பு மாறியது. பாட்டில் தூக்கினேன். முதல் வகுப்பில் தேறினேன், அந்தத் துறையிலேயே வேலையும் கிடைத்தது. இன்றுவரை கிணறுதான் எனக்குச் சோறு போடுகிறது.

மூன்று வருஷம் கழித்துக் கடலூரிலேயே எனக்குக் கல்யாணம். வெள்ளைப் புடவை, தலையிலிருந்து தரையில் நீளமாகப் புரளும் முக்காடு. கோயில் நடுவில், பாட்டு ஒலிக்க, நான் தலைகுனிந்து பீடத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். பாட்டு ஓய்ந்து எல்லோரும் அமைதியான அந்த ஒரு கணத்தில், முன்வரிசையிலிருந்து சேவியர் மாமா ரகசியம் என்று நினைத்துக்கொண்டு சொன்னார்: "அக்கா, பாரு. நடந்து வருது."

கல்யாண ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. எங்கள் பக்கத்து வரிசை மொத்தமும் குனிந்து குலுங்குகிறது. கைடு கைக்குட்டையை வாயில் வைத்திருக்கிறார். நான் முகத்தை மூடிக்கொண்டு சிரிக்கிறேன். என்னவென்றே தெரியாமல், தன் கோட்டில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து தேடிக்கொண்டிருக்கிறார் மாப்பிள்ளை.