மனிசர் இல்லாத படம்

மலைநாட்டுக்குப் போனால் மனிதர் ஒருவரையும் படம் பிடிப்பதில்லை என்று சரவணை என்ற தீவுக் கிராமத்தின் உபதபாலதிபர் கனகசபை சபதம் எடுத்தார். எடுத்த இடம் குசினி வாசல். கேட்ட ஒரே ஆள் மனைவி இராசமணி. அவள் அப்போது கணவாய்க் கறிக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப மாட்டைப் பிடிப்பியளோ?"

"மாடும் இல்லை, மலையும் இல்லை, மரமும் இல்லை. தண்ணிக்குள்ளை விழுற நிழலை மட்டும் பிடிக்கப்போறன். பாக்கிறவனுக்கு உது என்ன எண்டு விளங்கக்குடாது. அதுதான் கலை."

"விளங்காததை எடுக்கிறதுக்கு நுவரெலியாவுக்குப் போகவேணுமே? இஞ்சை நாலு பக்கமும் தண்ணிதானே."

"இது கடல். ஒரு நிமிசம் சும்மா கிடக்குதே? உம்மைப்போலை. வாவி எண்டால் அசையாமல் கிடக்கும்."

"உங்களைப்போலை," என்று சொல்லிக்கொண்டு இராசமணி சட்டியை இறக்கினாள்.

அது எண்பத்துமூன்றாம் ஆண்டு சித்திரை. இராசமணியின் தம்பி அம்பலவாணர் நுவரெலியாவில் வங்கி உத்தியோகம். லீவுக்கு வந்து நின்றுவிட்டுப் போங்கோ என்று அவர் கூப்பிட்டிருந்தார்.

கனகசபையிடம் ஒரு பழைய பெட்டிக் கமரா இருந்தது. அதை வயிற்றோடு அணைத்துப் பிடித்து, மேலே உள்ள தீப்பெட்டியளவு கண்ணாடிக்குள் குனிந்து பார்த்துத்தான் படம் எடுக்கவேண்டும். அவரைத் தவிர வேறு கை அதில் படக்கூடாது. அதனால் வீட்டிலிருந்த படங்களில் இராசமணி தனியாக நின்றாள். இல்லையென்றால் ஒருவருமே நிற்கவில்லை. கலியாணத்துக்கு வந்த படக்காரரையும், படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று சொல்லி, கனகசபையின் தகப்பனார் வயிறு நிறையச் சோறு போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். பிள்ளைகள் இல்லாத வீடு. இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிற படம் உலகத்தில் ஒன்றுகூட இல்லை.

"ஒரேயொரு படம்," என்றாள் இராசமணி. "ரெண்டு பேரும் சேந்து. கமராவைத் தம்பியிட்டைக் குடுங்கோவன்."

"தேத்தண்ணிக் கோப்பையையே ரெண்டு கையாலை பிடிக்கிறவன் உம்மடை தம்பி. அவனிட்டைக் குடுக்க ஏலாது."

"அப்ப சரி."

அந்த இடத்தில் கனகசபைக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். இராசமணி "அப்ப சரி" என்று சொன்ன எந்த விசயமும் அவருக்குச் சரியாக முடிந்ததில்லை. ஆனால் கலை கண்ணை மறைத்தது.

நுவரெலியா வாவிக் கரையில் குளிர் காதைக் கடித்தது. கனகசபை மைத்துனரின் கம்பளித் தொப்பியைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார். கமராவைத் திறந்தார். சட்டைப் பையைத் தடவினார்.

"இராசமணி, என்ரை கண்ணாடி எங்கை?"

"தண்ணியே பெரிய கண்ணாடிதானே. கண்ணாடியைப் பாக்க இன்னொரு கண்ணாடியோ?"

கனகசபை அசந்துபோனார். அடுப்படியில் கிடந்தவளுக்கும் கலை தொற்றிவிட்டதே! பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரிகிறவர் அவர். கண்ணாடி இல்லாமல் முத்திரையில் இருப்பது இராசாவா ராணியா என்று சொல்ல ஏலாதவர். கமராவுக்குள் குனிந்தார். சாம்பலும் வெள்ளையும் கரைந்து, நெளிந்து, ஒன்றும் விளங்காமல் கிடந்தது.

"ஆகா! ஒண்டுமே விளங்கேல்லை!" என்று கூவினார். அது வாவியின் மகிமை என்றே நம்பினார்.

சவுக்கு மரத்தின் நிழலை எடுத்தார். முகிலின் நிழலை எடுத்தார். ஒரு வாத்து நீந்திப்போய்க் குழப்பிய நிழலையும் எடுத்தார். இராசமணி காலை முழுதும் வறுத்த கச்சான் கடலை கொறித்தபடி பின்னாலேயே நடந்தாள். ஒரு முணுமுணுப்பு இல்லை. பிலிமில் ஒரு படம் மிஞ்சியபோதுதான் படகுகள் கட்டும் பலகைத் துறையைக் காட்டினாள்.

"கடைசிப் படத்தை அதிலை நிண்டு எடுங்கோ. நேரே கீழை பாத்து."

துறையின் விளிம்பில் நின்று கனகசபை குனிந்தார்.

"பொறுங்கோ. காத்து நிக்கட்டும்."

"உமக்கு என்ன தெரியும்?"

"கிணத்திலை தண்ணி அள்ளுறவளுக்கு அது எப்ப தெளியும் எண்டு தெரியாதே? கொஞ்சம் வெயில் பக்கம் திரும்புங்கோ. இஞ்சாலை அரக்கி நில்லுங்கோ. தொப்பியைக் கழட்டுங்கோ."

"தொப்பி ஏன்?"

"அதின்ரை நிழல் கலையைக் கெடுக்குது."

கழற்றினார். சின்னக் கண்ணாடிக்குள் கறுப்பும் வெள்ளையுமாய்ச் சதுரங்கள் மெல்ல மெல்ல வந்து கூடின.

"இராசமணி, உதென்ன சதுரம் சதுரமாய்?"

"கலையாக்கும்," என்றது குரல், தோளுக்கு மிகக் கிட்ட. "இப்ப அமத்துங்கோ!"

அமத்தினார். அதிகாரியின் சொல்லுக்குக்கூட அவர் அவ்வளவு கெதியாகக் கீழ்ப்படிந்ததில்லை.

மூக்குக்கண்ணாடி திரும்பி வரும் ரயிலில் இராசமணியின் கைப்பைக்குள்ளிருந்து வெளிப்பட்டது. "இதுக்குள்ளையே கிடந்தது?" என்று அவளே முதலில் ஆச்சரியப்பட்டுவிட்டதால், அவருக்கு ஆச்சரியப்பட ஒன்றும் மிஞ்சவில்லை.

யாழ்ப்பாணத்தில் கழுவக் கொடுத்த படங்கள் வந்தன. கனகசபை கதிரையில் சாய்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். புகை. சேறு. புகைக்குள் சேறு. பெருமையாக இருந்தது. கடைசிப் படத்தை எடுத்தார்.

தெளிந்த தண்ணீர். அதற்குள் கட்டம் போட்ட சேலையோடு இராசமணி. அவளுடைய தோளோடு தோள் முட்டி, கமராவை வயிற்றில் கட்டிப்பிடித்தபடி, கனகசபை.

கோபிக்கத்தான் வாயைத் திறந்தார். ஆனால் படத்திலிருந்தவள் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். இவள் இப்படிச் சிரிப்பாளா? இத்தனை வருசம் கண்ணாடிக்குள் குனிந்து உலகத்தைத் தேடியவருக்கு, பக்கத்தில் நின்ற இந்தச் சிரிப்பு எப்படித் தப்பியது?

"என்ரை சபதம் போச்சே, இராசமணி," என்றார் கடைசியில். "மனிசர் இருக்கினமே இதிலை."

"அது மனிசர் இல்லை. நிழல். நீங்கள் எடுக்கப்போன அதே சாமான்தான்."

அவரே பட்டணம் போய்ப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக்கொண்டு வந்தார். ஆணி தேடினார். சுவரில் ஏற்கெனவே ஒரு ஆணி நின்றது.

"இது எப்ப அடிச்சனீர்?"

"நுவரெலியாவுக்குப் போக முதல் நாள்."

அந்த ஆடிக் கலவரத்துக்குத் தப்பி, நுவரெலியாவிலிருந்து அம்பலவாணர் உடுத்த உடுப்போடு ஊர் வந்து சேர்ந்தார். அவரைச் சுகம் விசாரிக்க வந்த பக்கத்து வீட்டுப் பிலோமினம்மா, எழும்பிப் போகிற நேரம் சுவரைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"கலியாணப் படமோ, தங்கச்சி? நல்ல வடிவு. ஆனால் பொம்பிளையெல்லே தலை குனிஞ்சு நிக்கவேணும்? இதிலை மாப்பிளை குனிஞ்சு நிக்கிறார்!"

கனகசபை விளக்கம் சொல்லத் தொண்டையைச் செருமினார். இராசமணி முந்திவிட்டாள்.

"கலியாண நாளிலை குனிஞ்சவர்தான், அக்கா. இன்னும் நிமிரேல்லை."