மேனேஜருக்கு மூச்சிரைத்தது

அன்புள்ள சித்திக்கு,

நலம். பயிற்சி வகுப்பில் நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் நாய் மேனேஜரும் நலம். இந்த வாக்கியத்தை மூன்று முறை அடித்துவிட்டு எழுதினேன். இப்போது உண்மைதான். நேற்று மதியம் உண்மையில்லை.

மேனேஜரைத் தினமும் காலை ஆறு மணிக்கு நடக்க அழைத்துப் போவதாக உங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். நேற்று நான் எழுந்ததே பதினொன்றரைக்கு. ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தேன் என்று சொல்லலாம். எழுதவில்லை. தூங்கினேன். அவர் கதவருகே காத்திருந்தார். குற்றவுணர்வில் வழக்கத்தைவிட இரண்டு தெரு கூடுதலாகவே கூட்டிப்போனேன். உச்சி வெயில். தார்ச்சாலை. எனக்குச் செருப்பு இருந்தது.

திரும்பியதும் அவருக்கு மூச்சிரைத்தது. நடந்தால் இரைக்கும்தானே என்று விட்டுவிட்டேன், அரை மணி ஆகியும் நிற்கவில்லை, எச்சில் பசைபோல ஒழுகியது, ஈறு செக்கச்செவேல் என்றானது, கால்கள் நடுங்கின, நடுக்கம் என்றால் குளிர்தான் என்று முடிவுகட்டி ஜன்னலைச் சாத்தி மின்விசிறியை நிறுத்தி உங்கள் கம்பளியால் அவரைக் கழுத்துவரை போர்த்தினேன். முதுகலைப் பட்டம் பெற்றவன் செய்த காரியம் இது.

கத்தரிக்கோல் வாங்கிப்போக மாடிவீட்டுத் தையல்காரர் வந்தார்.

"தம்பி, அதை என்ன அவிக்கிறீங்களா?"

கம்பளியை உருவினார். குழாய்த் தண்ணீரில் துணியை நனைத்து வயிற்றிலும் பாதத்திலும் வைத்தார். நான் ஐஸ்கட்டிகளோடு ஓடி வந்தேன்.

"அதெல்லாம் வேணாம். நீங்க சும்மா நின்னாலே போதும்."

பிறகு ஆட்டோ, தையல்காரரும் கூடவே. கால்நடை மருத்துவர் கேட்டார்: "எப்ப நடக்கக் கூட்டிட்டுப் போனீங்க?"

"காலையில, மேடம்."

அவர் மேனேஜரின் பாதத்தைத் திருப்பிக் காட்டினார். தோல் வெந்து உரிந்திருந்தது.

"இது எந்த ஊரு காலை?"

தையல்காரர் மேற்கூரையைப் பார்த்தபடியே ஜன்னலையும் கம்பளியையும் பற்றிச் சொல்லிவிட்டார். மருத்துவர் என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குப் புழுங்கினா சட்டையைக் கழட்டுவீங்க. இவன் எதைக் கழட்டுவான்? வாயைத் திறந்து மூச்சு விட்டுத்தான் சூட்டை வெளியேத்தணும். அதுக்கும் ஜன்னலைச் சாத்திட்டீங்க."

இன்னும் தாமதமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அவர் ஊசியை எடுத்தார்.

சாயங்காலம் மேனேஜர் என் கையை நக்கினார். கடித்திருக்கலாம்.

அவரை வேறு யாரிடமாவது ஒப்படைப்பதுதான் நியாயம். ஆனாலும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இனி இரைத்தால் நிழல், காற்று, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், உடனே மருத்துவர். தெளிவாகக் கற்றுக்கொண்டேன். பாதியில் கிளம்பி வராதீர்கள்.

உங்கள் ஆசியில் மிச்சம் ஏதும் இருந்தால் அதை வேண்டும்,
அக்கா மகன்

பி.கு.: உறையை ஒட்டும்போது மறுபடியும் பயங்கரமாக இரைத்தார். ஈரத்துணி போட்டேன். மின்விசிறியைத் திருப்பினேன். மருத்துவருக்குப் போன் செய்தேன். "வாலைப் பாருங்க" என்றார். வால் சுவரில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. வாசலில் உங்கள் குரல். தையல்காரர் உங்களிடம் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார். கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். படித்துவிட்டுத் தட்டுங்கள், சித்தி.