பைனாகுலர் கடையில் ஒரு கழுத்துவலி

வாங்க வந்தவரை வாங்கவிடாமல் திருப்பி அனுப்புவதில் கழுத்துவலி அண்ணனை மிஞ்ச வளைகுடா முழுக்க ஆள் கிடையாது. இத்தனைக்கும் அவர் வேலையே விற்பதுதான். எண்பதுகளில், தோஹாவின் நஜ்மாவில், ராஜாளியை விட்டு வேட்டையாடும் அரபிகளுக்குப் பைனாகுலரும் தோள்பையும் விற்கும் கடை. எதிர் டைப்பிங் ஆபீஸில் நான். இருவருக்கும் ஒரே ரூம்.

பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர். வேட்டை என்று ஒரு காக்காயைக்கூட விரட்டியதில்லை. ஆனால் கடைக்குள் நின்றபடியே பைனாகுலரைக் கண்ணில் வைத்துப் பார்ப்பவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"கண்ணு அஞ்சு நிமிசம் பாக்கும் தம்பி. கழுத்துதான் நாள் பூரா சுமக்கும்!"

அதனால் கழுத்தில் மாட்டிவிட்டு, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வரச் சொல்வார். வந்ததும், "வலிக்குதா?" என்பார். பைனாகுலரோடு ஓடிப்போனவர் ஒருவரும் இல்லை. அத்தனை வலி.

வெள்ளிக்கிழமைகளில் சோதனைக்கு நான். ஒருமுறை புது பைனாகுலரை மாட்டிக்கொண்டு சமைக்க வைத்தார். குனிந்தேன், அது சாம்பாரில் முங்கியது. "வாரு நீளம்" என்று நோட்டில் எழுதிக்கொண்டார். சாம்பாரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

விற்பனை படுத்துவிட்டது. ஒருநாள் காலை கஃபீல், அதாவது விசா கொடுத்த அரபி முதலாளி, வந்து, "இன்னிக்கு என் பெரியப்பா வர்றார். அவர் வெறுங்கையோட போனா, கலாஸ், முடிஞ்சுது, நீ ஊருக்குப் போ" என்று உருதுவில் சொல்லிவிட்டார்.

பெரியப்பா வந்தார். அலமாரியிலேயே பெரிய பைனாகுலரைக் கேட்டார். கொடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே? "பெருசாக் காட்டுறது கை நடுக்கத்தையும் பெருசாக் காட்டும்" என்பது அண்ணன் சித்தாந்தம். கிழவர் தோளில் தண்ணீர்ப்பையையும் தோட்டாப்பையையும் மாட்டி, இரண்டு மாடி ஏற்றிவிட்டார். மூச்சு வாங்கும்போது பார்த்தால்தான் வேட்டையாம்!

சேதி கேட்டுத் தெருவுக்கு ஓடினேன். கஃபீல் கடை வாசலில் இடுப்பில் கைவைத்து அண்ணாந்து நின்றார். மொட்டைமாடியில் கிழவர் பெரியதைத் தூக்கினார். கை ஆடியது. முகம் சுளித்துக் கீழே இறக்கினார். போச்சு என்று நினைத்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் விடாமல் சின்னதை நீட்டினார். கிழவர் அதை என் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்தார்.

பிறகு சிரித்தபடி இறங்கி வந்து சின்னதையே வாங்கிப் போனார். கஃபீலும் இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பெரியப்பா பின்னாலேயே போனார்.

"மேல என்னண்ணே கேட்டாரு?"

"கீழ ஒருத்தன் ஏன் அழுவுறான்னாரு. நம்ம ரூம்காரன், நான் ஊருக்குப் போயிருவேன்னு பயப்படுறான்னேன். பாத்தியா தம்பி, ரெண்டு மாடி மேலேருந்து கண்ணீர் வரைக்கும் தெரியுது. நல்ல சாமான்!"

அவருக்குச் சாமானைப் பற்றித்தான் பெருமை. எனக்கு, பக்கத்துக் கட்டில் காலியாகவில்லை என்பதே போதுமாயிருந்தது.