கமாண்டர் அக்காவின் கெட்ட சேதி

ராணுவத்தில் ஒரு நாள்கூட இல்லாமல் ஒரு பட்டாளத்தையே நடத்தியவர் இந்தத் தேசத்தில் ஒருவர்தான். அவர் திண்டிவனத்தில், எங்கள் தெருமுனையில், பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருந்தார். கமாண்டர் அக்கா என்றால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தெரியும். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் பங்குச் சாமியாருக்கே மறந்திருக்கும்.

அக்கா பட்டாளத்தைப் பார்த்தது குடியரசு தினத்தன்று டிவியில் மட்டும். அதிலும் அணிவகுப்பைப் பார்க்கமாட்டார், தையலைத்தான் பார்ப்பார். "மூணாவது வரிசையில அந்த ஓரத்து ஆளு, தோள்பட்டை தூக்கிக்கினு நிக்குது பாரு. எவன் தச்சான் அத?" என்பார். குப்பை வண்டி தாமதமாக வந்தால் விசாரணை. தண்ணீர் லாரியில் வரிசை தவறினால் தண்டனை. நாய்கள்கூட அவர் கடையை வாயை மூடிக்கொண்டு தாண்டிப் போய், மிச்சக் குரைப்பை அடுத்த தெருவில்தான் வைத்துக்கொள்ளும்.

அவர் வீட்டு மாடியில் ரேவதி குடியிருந்தாள். மயிலம் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பெண். துணை ராணுவத்தில் இருந்த கணவன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, கருணை அடிப்படையில் அவளுக்கு அதே படையில் வேலை கொடுத்தார்கள். மகள் மதிக்கு அப்போது ஏழு வயது. முதல் போஸ்டிங் காஷ்மீர் என்று உத்தரவு வந்ததும், பயிற்சிக் காலத்தில் குழந்தையைப் பார்த்துக்கொண்ட சொந்தங்களும் கழன்றுகொண்டன. பொம்பளைக்கு எதற்குத் துப்பாக்கி என்று கேட்க நாலு பேர் வந்தார்கள். குழந்தையை எங்களிடம் விட்டுப் போ என்று சொல்ல ஒருவர் வரவில்லை.

வேலையை விட்டால் சோறில்லை, போனால் குழந்தைக்கு ஆளில்லை. தையல் கடை வாசலில் நின்று ரேவதி அழுதாள். அக்கா மெஷினை நிறுத்தாமலே சொன்னார்.

"அங்க நீ துப்பாக்கியப் புடி. இங்க புள்ளைய நான் புடிக்கிறேன். கண்ணத் தொடச்சிக்க, துணி நனையுது."

விஷயம் தெருவில் பரவியதும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருக்கும் சேகர் அண்ணன் ஒரு கவரோடு வந்தார். தர்ம சிந்தனை உள்ளவர். கோயில் டியூப் லைட்டில் வெளிச்சம் வெளியே வர இடமில்லாத அளவுக்குத் தன் பெயரை எழுதிக் கொடுத்தவர்.

"இன்னாது இது?" என்றார் அக்கா.

"குழந்தை செலவுக்குக்கா. நம்மால ஆனது."

"அவங்கம்மா சம்பளம் அனுப்புறா. உன் நோட்டு புள்ளைக்கு ஜடை பின்னுமா?"

"அது எப்படிக்கா பின்னும்?"

"அப்ப நீ பின்னு. காலையில எனக்குக் கடையில கூட்டம். நாளையிலேர்ந்து ஜடை உன் டியூட்டி."

இப்படித்தான் எங்கள் தெருவில் தர்மம் ஆரம்பித்தது. பணம் செல்லாது, ஆள்தான் செல்லும். வாழைப்பூ அளவுக்குக் கையை வைத்துக்கொண்டு சேகர் அண்ணன் பாவம், மண்டியில் சாக்குச் சணலைப் பிரித்துப் பின்னிப் பின்னிப் பழகினார். ஒரு மாதம் மண்டியிலிருந்து போன மூட்டைகள் எல்லாம் ரெட்டை ஜடை போட்டுக்கொண்டு போயின.

எனக்கு விழுப்புரத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை. தினமும் ரயிலில் போய் வருகிறவன். எனக்குக் கிடைத்தது கணக்குப் பாட டியூட்டி. ஒருநாள் தாமதமாகப் போய், "ரயில் லேட்டுக்கா" என்றேன்.

"சண்டையில எதிரிகிட்ட ரயில் லேட்டுன்னு சொல்லுவியா?"

"மூணாங் கிளாஸ் கழித்தல் கணக்குக்கா. எதிரி எங்க இருக்கான்?"

"இதோ நிக்கிறான் பாரு, பதில் பேசிக்கினு."

அக்காவின் பட்டாளத்தில் எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சட்டம் இருந்தது. சாயங்காலம் சிக்னல் கிடைக்கும்போது ரேவதி வீடியோவில் வருவாள். அப்போது நல்ல சேதி மட்டும்தான் சொல்ல வேண்டும். "கையில துப்பாக்கி வச்சிக்கினு நிக்கிறவ. கெட்ட சேதி சொன்னா கை நடுங்காதா?" என்பது அக்காவின் வாதம். ஆகவே மதிக்குச் சளி பிடித்ததில்லை. மதி பரீட்சையில் குறைந்ததில்லை. தெருவே சாக்கடை பொங்கி மிதந்த அன்றுகூட, திண்டிவனம் சொர்க்கம் மாதிரி இருப்பதாகத்தான் காஷ்மீருக்குத் தகவல் போனது.

மே மாதத்தில் மதி சைக்கிள் பழகினாள். கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடியவர் அக்காதான். எதிரே ஓர் ஆட்டோ தப்பான பக்கத்தில் வந்தது. அக்காவால் அதைச் சும்மா விட முடியுமா? கேரியரை விட்டுவிட்டு ஆட்டோக்காரரைப் பிடித்துக்கொண்டார். விசாரணை முடிந்து திரும்பிப் பார்த்தபோது சைக்கிள் ஒரு பக்கம், மதி ஒரு பக்கம். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் எலும்பில் விரிசல் என்று இடது கையில் மாவுக்கட்டு போட்டார்கள். குழந்தை ஐஸ்கிரீம் கேட்டது. அக்காதான் வழி நெடுக மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

"ரேவதிகிட்ட சொல்லிடலாம்க்கா" என்றேன்.

"வாயத் தொறந்தே, தைச்சிடுவேன்."

அன்று சாயங்காலம் மதியின் கழுத்திலிருந்து கால் வரைக்கும் கம்பளியைப் போர்த்தி உட்காரவைத்தார் அக்கா. போனில் ரேவதி வந்தாள். பின்னால் பனி மூடிய மலை தெரிந்தது.

"எதுக்குடி கம்பளி?"

"குளிருதும்மா" என்றது குழந்தை, சொல்லிக்கொடுத்தபடியே. நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் சேகர் அண்ணன் சட்டையில்லாமல் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் யோசித்த அக்கா, அது அக்னி நட்சத்திரம் என்பதை மறந்துவிட்டார்.

ரேவதி போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். பிறகு, "கம்பளிய எடுங்க" என்றாள்.

எடுத்தோம்.

"எத்தினி நாளா இப்படிப் பொய் சொல்லிக்கினு இருக்கீங்க? இதுவரைக்கும் சொன்னதுல எதுதான்க்கா நெசம்? நான் வேலைய வுட்டுட்டு வர்றேன். சோத்துக்கு இன்னா வழியோ பாத்துக்கறேன்."

போன் அணைந்தது. அடுத்த நாள் கடை திறக்கவில்லை. தண்ணீர் லாரியில் ஆளாளுக்கு முண்டினார்கள், கேட்பார் இல்லை. அக்காவுக்கு அவமானம் பெரிதல்ல. தன்னால் ஒரு பெண்ணின் பிழைப்பு போகப்போகிறதே என்றுதான் சுருண்டு படுத்துவிட்டார். எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

ரேவதி அவசர லீவில் வந்தாள். வண்டி திண்டிவனத்தில் நிற்காது என்பதால் நாங்கள் விழுப்புரம் ஜங்ஷனுக்குப் போய் நின்றோம். அக்கா இஸ்திரி போட்ட புடவையில், தண்டனைக்கு வந்தவர்போல விறைப்பாக நின்றார். ரேவதி இறங்கினாள். மகளைத் தூக்கி, மாவுக்கட்டைத் தடவிப் பார்த்து, ஒரு மூச்சு அழுதாள். பிறகு அக்காவிடம் வந்தாள்.

"கை ஒடைஞ்சதுக்கு நான் அழலக்கா. எங்கிட்ட இருந்தாலும்தான் வுழுந்திருப்பா. அங்க காவல்ல நிக்கிறப்போ கெட்ட சேதி வந்தா நாங்க பயப்படமாட்டோம். சேதியே வரலன்னாதான் பயம். நீங்க நல்லதா சொல்லச் சொல்ல, எதை மறைக்கிறீங்களோன்னு ராவெல்லாம் தூங்காம கெடந்தேன்."

"வேலைய வுட்டுடாதடி" என்றார் அக்கா. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. "இனிமே கெட்டதத்தான் மொதல்ல சொல்லுவேன். மாதா சத்தியம்."

ரேவதி வேலையை விடவில்லை. கமாண்டர் அக்காவும் சத்தியத்தை விடவில்லை. அதன்பிறகு தினமும் காஷ்மீருக்குப் போன சேதிகளைக் கேட்டால் எதிரி நாடே சரணடைந்திருக்கும். "தலையில பேன். ரசத்துல உப்பு ஜாஸ்தி. கழித்தல் கணக்குல ரெண்டு தப்பு, சொல்லிக்குடுத்தவன் லட்சணம் அப்படி. சேகரு வலது பக்க ஜடைய ஏத்திப் பின்னிட்டான்." ரேவதியே ஒருநாள் கெஞ்சினாள். "அக்கா, நடுவுல ஒரு நல்லதும் சொல்லுங்களேன்."

இந்த வருஷம் ரேவதிக்கு சென்னைப் பக்கம் மாற்றல் வந்தது. குடும்பக் குவார்ட்டர்ஸ். மதியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வழியனுப்பும்போது அக்கா அழவில்லை. ஜடை சரியில்லை என்று சேகர் அண்ணனைத் திட்டினார், அவ்வளவுதான். அழுதது சேகர் அண்ணன்.

மறுநாள் சாயங்காலம், வழக்கமான நேரத்தில் அக்காவின் போன் அடித்தது. நான் கடையில் பட்டன் வைக்கக் கொடுத்த சட்டைக்காகக் காத்திருந்தேன். திரையில் மதி.

"பெரிம்மா, கெட்ட சேதி மொதல்ல சொல்லு."

அக்கா ஊசியைப் பார்த்தார். நூலைப் பார்த்தார். என்னையும் ஒரு தடவை முறைத்தார்.

"ஒண்ணும் இல்லடி. எல்லாம் நல்லாதான் கீது."

"பெரிம்மா. சத்தியம் பண்ணியிருக்க."

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"வீடு பேஜாரா கீதுடி கண்ணு. சோறு எறங்கல."

அடுத்த நாள் ரயிலை விட்டு இறங்கியதும் நேராக அக்கா கடைக்குப் போனேன். சேகர் அண்ணன் எனக்கு முன்பே வந்து, மூன்று பேருக்குப் பரோட்டா பார்சல் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று எங்கள் இருவருக்கும் டியூட்டி இல்லை.