முதல் மழைக்கு வந்த வெள்ளைச் சட்டை

அடுத்தவர் காரில் உட்கார்ந்து மழை பார்ப்பதில் சொட்டு அண்ணனை மிஞ்ச ஓர் ஆள் பழனி மலைத்தொடரில் இதுவரை பிறக்கவில்லை. இனிப் பிறக்கவும் வழியில்லை, புதுக் கார்கள் அவ்வளவாக ஒழுகுவதில்லை.

அவருடைய சொந்தப் பெயர் நாயுடுபுரத்தில் யாருக்கும் தெரியாது. ரேஷன் கடையில்கூட "சொட்டு அண்ணே, கார்டக் குடுங்க" என்றுதான் கேட்பார்கள். பழைய கார்களில் திறக்கவே முடியாத பக்கவாட்டுக் கண்ணாடி ஒன்று இருக்குமே, அதைக் கழற்றி ஒழுகாமல் மறுபடி பொருத்துவது ஒன்றுதான் அவர் தொழில். பிரேக் பிடிக்கவில்லை என்று போய் நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க அவர் வைத்திருந்த கருவி பழனி விபூதி. கண்ணாடியைச் சுற்றி உள்பக்கம் விபூதியைத் தூவுவார். வெளியே யாரையாவது வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு, உள்ளே மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்பார். தண்ணீர் நுழைந்த இடத்தில் விபூதி கறுத்துக் கோடு போடும். அந்த வழியாகப் போகிறவர்கள் காருக்கு ஏதோ அபிஷேகம் நடக்கிறது என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஒருவர் பிரசாதத்துக்குக் கையே நீட்டினார். அண்ணனும் ஒரு சிட்டிகை கொடுத்து அனுப்பினார்.

எங்கள் காரில் இடப்பக்கப் பின்சீட்டுக்கு மேலே ஒழுகியது. ஒரு மழை நாளில் பெண் பார்க்கப் போனபோது அந்தச் சீட்டில் இருந்தவை பூத்தட்டும் என் ஜாதகமும். மை கரைந்து, எனக்குக் குரு எந்த வீட்டில் இருக்கிறார் என்பதே தெரியாமல் போனது. பெண் வீட்டார் அதைச் சகுனமாக எடுத்துக்கொண்டு காபியோடு நிறுத்திக்கொண்டார்கள். இன்னொரு தடவை தட்டு நனைந்தால் நீயே பஸ்ஸில் போய்ப் பெண் பார்த்துக்கொள் என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. நிஜமாகவே பயந்துபோனேன்.

சொட்டு அண்ணன் வந்து கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர் பீடிங்கைப் பார்த்தார். அதன்மேல் ஒரு ட்யூப் சிலிகான் பசை, தோசை மாவு வழிந்த மாதிரி அப்பியிருந்தது.

"இந்தக் காரியத்தப் பண்ணுன மகராசன் யாரு?"

"நாந்தாண்ணே."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு காருக்குள் ஏறி மல்லாந்து படுத்து, இரண்டு பாதங்களையும் கண்ணாடியில் வைத்து உந்தினார். வெளியே நான் பிடித்துக்கொண்டேன். பசையைச் சுரண்டி எடுக்க மட்டும் ஒன்றரை நாள். சுரண்டிய ஒவ்வொரு துண்டையும் ஞாபகமாக என் உள்ளங்கையில் வைத்தார். அப்புறம் கண்ணாடிக்குப் புது பீடிங் மாட்டி, அதன் விளிம்பில் ஒரு நைலான் கயிற்றைச் செருகினார். நான் வெளியிலிருந்து அழுத்த, அவர் உள்ளிருந்து கயிற்றை இழுக்க, ரப்பர் சுற்றிலும் தகரத்தைக் கவ்விக்கொண்டது.

அதோடு வேலை முடிந்தது என்று அவர் சொல்லமாட்டார். முதல் மழையில் வண்டி எங்கே போனாலும், தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அந்த ஒழுகல் சீட்டில் தானே உட்கார்ந்து வருவார். சட்டை நனையாமல் இருந்தால்தான் சர்டிபிகேட். இப்படி அவர் காதுகுத்துக்குப் போயிருக்கிறார், கோர்ட்டு வாய்தாவுக்குப் போயிருக்கிறார். தேனிலவுக்கு வந்த ஜோடியோடு மன்னவனூர் ஏரிவரைகூடப் போயிருக்கிறார்.

அந்த வாரம் முழுக்க நல்ல வெயில். ஞாயிற்றுக்கிழமை கவுஞ்சிக்குப் பெண் பார்க்கக் கிளம்புகிற நேரம் பார்த்து வானம் கறுத்தது. தெருமுனையில் வெள்ளைச் சட்டை நின்றது.

"எடமில்லையேண்ணே."

"சட்ட தேச்சாச்சு தம்பி."

வேறு வழி தெரியாமல் அத்தையை இறக்கிவிட்டேன். அத்தை இன்றுவரை என்னோடு முகம்கொடுத்துப் பேசுவதில்லை.

வழியெல்லாம் ஒரு தூறல்கூட இல்லை. பெண் வீட்டில் அந்தச் சட்டையைப் பார்த்து, இவர்தான் எங்கள் குடும்பத்துக்கே மூத்தவர் என்று முடிவுகட்டி, நடுநாயகமாக உட்காரவைத்து முதல் காபியை அவருக்குக் கொடுக்கச் சொன்னார்கள். பெண் தட்டோடு வந்து அவர் முன்னால் குனிந்தாள். அந்த நிமிஷம் தகரக் கூரையில் சடசடவென்று மழை இறங்கியது. அண்ணன் எழுந்தார், சட்டை நனையாமல் இருக்க வாசலில் கிடந்த சாக்கைப் போர்த்திக்கொண்டு செருப்புகூடப் போடாமல் ஓடினார், காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"பெரியவருக்குப் பொண்ணப் பிடிக்கலையாங்க?" என்றார் பெண்ணின் அப்பா. என் அப்பா என்னைப் பார்த்தார். அவர் சொன்ன பஸ் என் கண்முன்னால் வந்து நின்றது. வந்தவர் எங்கள் சொந்தமே இல்லை, கண்ணாடி ஒழுகுகிறதா என்று பார்க்க வந்தவர் என்று உண்மையைச் சொன்னேன். சொன்ன பிறகு அது இன்னும் கேவலமாக இருந்தது.

பெண் தட்டைக் கீழே வைத்தாள். ஒரு கையில் குடை, ஒரு கையில் காபியோடு போய்க் காரின் மறுபக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்துகொண்டாள். பத்து நிமிஷம். நாங்கள் அத்தனை பேரும் வாசலில் நின்று காரையே பார்த்தோம்.

இருவரும் ஒரே குடையில் திரும்பி வந்ததும் அண்ணன் சட்டையைத் தடவிக்காட்டி, "ஒழுகலங்க" என்று சபைக்கு அறிவித்தார். அவள் தன் அப்பாவிடம், "எனக்குச் சம்மதம்ப்பா" என்றாள்.

காருக்குள் என்ன நடந்தது என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. மாப்பிள்ளை எப்படி என்று கேட்டிருக்கிறாள். "பசையக் கொண்டாந்து அப்புன கிறுக்குப்பய தாயி. ஆனா யாரு பண்ணுனதுன்னு கேட்டா எல்லாரும் முன்னால வண்டி வச்சிருந்தவன் மேல போடுவாய்ங்க. நாந்தான்னு சொன்ன ஒரே ஆளு இவந்தான்" என்றாராம்.

முழங்கால் குளிர் தாங்கவில்லை என்று அண்ணன் இப்போது திண்டுக்கல்லில் மகள் வீட்டில் இருக்கிறார். உண்மையைச் சொன்னதற்காக என்னைக் கட்டிக்கொண்டவள், வருஷத்துக்கு ஒரு பொய் சொல்கிறாள். முதல் மழை இறங்கியதும் போனை எடுத்து, "அண்ணே, லேசா ஒரு சொட்டு விழுகுது, வெரசா வாங்க" என்கிறாள். அடுத்த பஸ்ஸில் தேய்த்த வெள்ளைச் சட்டை வந்து இறங்குகிறது.

அந்தச் சீட்டில் இதுவரை ஒரு பொட்டு ஈரம் பட்டதில்லை. அது அவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் விபூதியோடு வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் சாப்பிட வருகிறார்.